பின் நம்பரை ஏன் பாஸ் ஏலம் போடுறீங்க?

போன மாசம் ஒரு பர்த்டே ட்ரீட். எட்டு பேர். சென்னையில ஒரு ஏ.சி. ரெஸ்டாரன்ட். பேர் வேணாம், பிரியாணி நல்லாவே இருந்துச்சு. பக்கத்து டேபிள்ல ஒரு ஃபேமிலி சாப்பிட்டு முடிச்சாங்க. அப்பா கார்டை எடுத்து அந்தக் கறுப்பு ஃபோல்டருக்குள்ள வெச்சார். சர்வர் அதை எடுத்துக்கிட்டு கேஷ் கவுன்ட்டருக்குப் போனார். ரெண்டு நிமிஷத்துல அங்கேருந்து ஒரு குரல்: "சார்... பின் நம்பர்?"

அப்பா ஒரு செகண்ட்கூட யோசிக்கல. மொத்த ஹாலுக்கும் கேக்கற மாதிரி, "ஒன்... நைன்... செவன்... ஃபோர்!"

எங்க டேபிள்ல ஒருத்தி மெதுவா சொன்னா: "அங்கிள் செவன்டி ஃபோர்ல பொறந்திருக்கார்டா!"

விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்ச இருபதாவது நிமிஷம், எங்க பர்த்டே பேபியும் அதே மாதிரி கார்டை எடுத்து அதே மாதிரி ஃபோல்டர்ல வெச்சான். நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. குரூப் போட்டோ எடுக்கற அவசரம்.

பில் 4,620 ரூபாய். கார்டு போச்சு... வரல... அப்புறம் வந்துச்சு. "சிக்னல் ப்ராப்ளம் சார். இன்னொரு மெஷின்ல போட்டோம், ஓகே ஆயிடுச்சு"ன்னார் சர்வர். பின் நம்பர்கூடக் கேக்கலியேன்னு நம்மாளுக்குப் பெருமை வேற. ஸ்லிப் வேணுமான்னு அவரும் கேக்கல, இவனும் கேக்கல. வெளிய வந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம்.

ராத்திரி பத்தே முக்காலுக்கு விருதுநகர்ல இருந்து அவனுக்கு போன். அவன் அப்பா. மளிகைக் கடை வெச்சிருக்கார். அந்தக் கார்டு அவரோட கிரெடிட் கார்டுக்கு ஆட்-ஆன் கார்டு. 'ஹாஸ்டல்ல எதுனா அவசரம்னா வெச்சுக்க'ன்னு கொடுத்தது. எஸ்.எம்.எஸ். எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். அவருக்கு வந்தது ஒண்ணு இல்ல, ரெண்டு மெசேஜ். 4,620. மறுபடியும் 4,620. ரெண்டுலயும் கடையோட பேர், அந்தப் பேரோட கடைசியில 'பார்'.

மாடியில பார் இருக்கு, கீழ இருக்கற ரெஸ்டாரன்ட்டும் அதே பேர்லதான் ஓடுது, நாங்க குடிச்சது லைம் சோடா... இதையெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு அப்பாகிட்ட விளக்கிப் பாருங்க. 9,240 ரூபாய்க்கு லைம் சோடாவா?

அவர் திட்டலியாம். "சரி, வெச்சிரு"ன்னு கட் பண்ணிட்டாராம். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லடான்னு இவன் ரெண்டு நாள் புலம்பினான்.

நடந்தது இதுதான். முதல் மெஷின்லயே பணம் போயிடுச்சு. சிக்னல் வீக்கா இருந்ததால ஸ்லிப் லேட்டா வந்திருக்கு. அதுக்குள்ள கேஷியர் ரெண்டாவது மெஷின்ல இன்னொரு தடவை தட்டிட்டார். பின் கேக்காததும் அதிசயம் இல்லீங்க. கார்டை மெஷின் மேல வெச்சாலே காசு போற 'டேப்' வசதியில, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைக்கும் பின் இல்லாமலே போகும். 2015-ல 2,000 ரூபாயா இருந்த லிமிட்டை 2021 ஜனவரி 1-லேருந்து 5,000-னு ரிசர்வ் வங்கி உயர்த்திடுச்சு. நம்ம பில் 4,620. ரெண்டு தடவையும் வாசல் திறந்தேதான் இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ரெஸ்டாரன்ட்ல நாள் முழுக்க மெஷின்ல போற வசூலை ராத்திரி கடை மூடும்போது 'செட்டில்மென்ட்' போட்டு மொத்தமா பேங்குக்கு அனுப்புவாங்க. அதுக்கு முன்னாடின்னா கேஷியரே அதே மெஷின்ல 'வாய்டு' போட்டுடலாம், அந்த பில் அடிபட்டுப் போயிடும். செட்டில்மென்ட் ஆயிட்டா கதை வேற. மேனேஜர் கணக்கு பார்க்கணும், ரீஃபண்டு போடணும், அது பேங்குக்குப் போய் கார்டுக்குத் திரும்பணும். இவன் மூணு தடவை நடந்தான். பணம் பன்னிரண்டு நாள் கழிச்சு வந்துச்சு. கார்டு மட்டும் விருதுநகருக்கே திரும்பப் போயிடுச்சு.

"ஸ்லிப்பைக் கேட்டிருக்கலாமேடா?"ன்னு கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்த வாரம் என்னை எழுத வெச்சுது: "எட்டு பேர் முன்னாடி அல்பமா கேக்கச் சொல்றியா?"

ஆங்! அங்கதான் இருக்கு விஷயம். ஸ்கிம்மர், ஹேக்கர்னு என்னென்னவோ பயப்படறோம். ஆனா ஓட்டல் டேபிள்ல நம்ம காசு போறதுக்குப் பாதி காரணம், கூச்சம்!

இத்தனைக்கும் கிரெடிட் கார்டு பிறந்ததே ஒரு கூச்சத்துலதான்னு ஒரு கதை உண்டு. நியூயார்க்ல ஃப்ராங்க் மெக்நமாரான்னு ஒருத்தர், ஓட்டல்ல சாப்பிட்டு முடிச்சப்போ பர்ஸை வீட்டுல விட்டுட்டு வந்தது தெரிஞ்சு நெளிஞ்சாராம். அந்த அவமானத்துல உருவானதுதான் 1950-ல வந்த டைனர்ஸ் கிளப் கார்டாம். ஓட்டல்ல சாப்பிடறதுக்குன்னே வந்த அட்டை, நிஜமாவே காகித அட்டை. பர்ஸ் மறந்த கதை விளம்பரத்துக்காக ஊதினதுன்னு பின்னாடி அந்தக் கம்பெனி ஆளே சொல்லிட்டார்ங்கறது வேற விஷயம். மார்க்கெட்டிங் பசங்க அப்பவே செம ஷார்ப்!

சரி, கார்டை ஏன் எடுத்துட்டுப் போறாங்க? அது பழைய பழக்கம். முன்னெல்லாம் கார்டைத் தேய்ப்பாங்க, ஸ்லிப் வரும், அதை டேபிளுக்குக் கொண்டு வருவாங்க, கையெழுத்துப் போடுவோம். கையெழுத்துக்காகவாவது ஸ்லிப் நம்மகிட்ட வந்தே ஆகணும். 2013 டிசம்பர் 1-லேருந்து டெபிட் கார்டுக்குக் கடையில பின் கட்டாயம்னு ஆச்சு. அப்புறம் வெறும் காந்தப்பட்டை கார்டுகளை ஒழிச்சுக்கட்டி, 2018 கடைசிக்குள்ள எல்லாரும் சிப் கார்டுக்கு மாறணும்னாங்க. டெக்னாலஜி மாறிடுச்சு. ஃபோல்டர் மட்டும் மாறல! பின் நம்பருக்காக மெஷின்தான் நம்மகிட்ட வரணும். அதுக்குப் பதிலா பின் நம்பர் மெஷினைத் தேடி ஹால் முழுக்க நடந்து போகுது.

கேஷ் கவுன்ட்டர்ல உங்க கார்டு தனியா இருக்கற அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன நடக்கலாம்? பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது. சர்வர் அண்ணனுக்கு ஏழு டேபிள், அவருக்கு உங்க கார்டை ஆராய்ச்சி பண்ண நேரமில்ல. ஆனா நூத்துல ஒருத்தன் தப்பானவனா இருந்தா, அவனுக்கு மெஷின்கூட வேணாம். முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ. நம்பர், தேதி, சிவிவி எல்லாம் கைக்கு வந்தாச்சு. நம்ம ஊர் வெப்சைட்ல ஓடிபி கேக்கும், தப்பிச்சுடுவோம். பல வெளிநாட்டு சைட்ல ஓடிபி-யே கேக்காது.

இதுக்கு ஒரு வழி உங்க போன்லயே தூங்கிட்டு இருக்கு. 2020-ல ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டுச்சு. கார்டோட ஒவ்வொரு வேலையையும் நீங்களே ஆன், ஆஃப் பண்ற வசதியை பேங்க் கொடுத்தாகணும், லிமிட்டையும் நீங்களே மாத்த முடியணும்னு. பேங்க் ஆப்ல கார்டு செட்டிங்ஸுக்குப் போய்ப் பாருங்க. இன்டர்நேஷனல், ஆன்லைன், டேப், கடை, ஏ.டி.எம்.னு வரிசையா சுவிட்ச். ஃபாரின் போகாதவருக்கு இன்டர்நேஷனல் எதுக்கு ஆன்ல? ட்ரீட்டுக்குக் கிளம்பும்போதே டேபை அணைச்சுட்டு, கடைக்கான லிமிட்டை பட்ஜெட்டுக்குத் தகுந்த மாதிரி குறைச்சு வெச்சுட்டா, ரெண்டாவது 4,620 மெஷின்லயே முட்டிக்கிட்டு நிக்கும். அப்படியே சிவிவி-யை மனப்பாடம் பண்ணிட்டு மேல ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. செமஸ்டருக்கு அம்பது ஃபார்முலா மனப்பாடம் பண்றோம், மூணு நம்பர் முடியாதா?

முக்கியமா, "அண்ணா, மெஷினை இங்கயே கொண்டு வாங்களேன்". அவ்வளவுதான். இதுக்கு இங்கிலீஷ்கூட வேணாம். மெஷின் வரலியா, நீங்க எழுந்து கவுன்ட்டருக்குப் போங்க, பத்து அடிதானே! ஸ்க்ரீன்ல தொகையைப் படிங்க, அப்புறம் கையால மறைச்சு பின்னை அழுத்துங்க. 462.00-க்கும் 4620.0-க்கும் அவசரத்துல வித்தியாசம் தெரியாது, நிதானமா பாருங்க. ஃபெயில்னா ஃபெயில் ஸ்லிப்பைக் கேளுங்க. மெசேஜ் வந்துச்சான்னு பார்க்காம ரெண்டாவது தடவை போட விடாதீங்க. அப்பா கார்டுன்னா? அப்பாவுக்கே ஒரு போன் போட்டு, "மெசேஜ் வந்துச்சாப்பா?"ன்னு கேட்டுடுங்க. கேக்கறப்போ வெக்கமா இருக்கும். பதினோரு மணிக்கு அவர் போட்டா இன்னும் வெக்கமா இருக்கும்.

கடையில ஸ்லிப்பே வராம, உங்க கணக்குல மட்டும் பணம் போயிட்டா, பதறாதீங்க. 2019-ல வந்த விதிப்படி, அந்த நாள் போக அஞ்சு நாளைக்குள்ள பணம் தானாத் திரும்பணும். அதுக்கு மேல போனா, ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. கேக்காமலே தரணும். தரலேன்னா நீங்க கேக்கணும், திரும்பவும் கூச்சப்படாம!

திருட்டுன்னா ரூட் வேற. கார்டு பின்பக்கம் பேங்க் போன் நம்பர் இருக்கும். கார்டே போயிட்டா நம்பரும் கூடவே போயிடும். அதனால இப்பவே போன்ல சேவ் பண்ணி வைங்க. முதல்ல கார்டை பிளாக் பண்ணணும், அப்புறம் சைபர் க்ரைம் உதவி எண் 1930. இதுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யார் தப்பு, எத்தனை நாள்ல சொன்னீங்க, இதைப் பொறுத்துத்தான் நஷ்டம் யார் தலையிலன்னு 2017-லயே ரிசர்வ் வங்கி விதி எழுதிடுச்சு. பேங்க் மேலயும் தப்பில்லாம உங்க மேலயும் தப்பில்லாம நடந்த திருட்டுக்கு உங்களைக் காப்பாத்த வழி வெச்சாங்க. ஆனா நீங்களே பின்னை வெளிய சொல்லியிருந்தா, புகார் கொடுக்கற வரைக்கும் போன காசு உங்க கணக்குலதான். 'ஒன் நைன் செவன் ஃபோர்' அங்கிளை நெனச்சுக்கங்க.

இப்ப பில்லுக்கு வருவோம். பில்லை யார் படிக்கறோம்? கடைசி வரியைத்தான்! அதுக்கு மேல 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒண்ணு படுத்திருக்கும். 3,200 ரூபாய்க்கு சாப்பிட்டிருக்கீங்கன்னு வைங்க. 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 320. இப்ப 3,520. இதுக்கு மேல 5 சதவீத ஜி.எஸ்.டி. 176. ஆக 3,696. சர்வீஸ் சார்ஜ் இல்லேன்னா 3,360-தான். 336 ரூபாய் வித்தியாசம், அதுல 16 ரூபாய் சர்வீஸ் சார்ஜுக்கே போட்ட வரி!

ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்கு, கட்டியே ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்ல. தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிச்சு. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய் அந்த மாசமே தடை வாங்கினாங்க. 2025 மார்ச் 28-ல டெல்லி ஹைகோர்ட், ஆணையம் சொன்னதுதான் சரின்னு தீர்ப்பு சொல்லி, வழக்கு போட்ட சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டுச்சு. அவங்க அப்பீலும் போனாங்க. நீங்க கோர்ட் வரைக்கும் போக வேணாம், கார்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி "இதை எடுத்துடுங்க"ன்னா போதும். மாட்டேன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கார்டு தேய்ச்ச பிறகு பேசினா எல்லாமே ரீஃபண்டு கதைதான்.

'கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா'ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது கார்டு வசதிக்காகக் கடைக்காரர் பேங்குக்குக் கொடுக்க வேண்டிய காசு. டெபிட் கார்டுக்கு அப்படி வசூலிக்கக் கூடாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி பேங்குகளைக் கண்டிச்சுச்சு. கிரெடிட் கார்டுன்னா ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

டிப்ஸ் மேட்டர்ல நான் கேஷ் கட்சி. கார்டுல சேர்த்தா அது முதலாளி கணக்குக்குத்தான் போகுது, அங்கேருந்து எப்போ, எவ்வளவு இறங்கும்னு நமக்குத் தெரியாது. கைக்குக் கை கொடுத்தா அண்ணன் முகத்துல அங்கயே தெரியும்.

பார் பத்தி... இதைப் படிக்கற பாதிப் பேருக்கு நம்ம தமிழ்நாட்டுல அதுக்கு வயசே ஆகல. 21! அதனால சீனியர்களுக்கு மட்டும் சுருக்கமா. சில பப்கள்ல போன உடனே கார்டை வாங்கி வெச்சுக்கிட்டு, 'கடைசியில ஒண்ணா போட்டுக்கலாம்'பாங்க. ராத்திரி முழுக்க உங்க கார்டு ஒரு டப்பாவுல, நாற்பது கார்டோட. கிளம்பும்போது இருட்டு, காது கிழியற பாட்டு, நீங்களும் தெளிவா இல்ல. அடுத்தவன் கார்டு உங்க பர்ஸ்ல, உங்க கார்டு அவன் பர்ஸ்ல. ஒவ்வொரு ரவுண்டுக்கும் அப்பப்போ கட்டிடறதுதான் புத்திசாலித்தனம். அப்போ கணக்கும் உறைக்கும். இன்னொண்ணு, சரக்குக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது மாநில வாட் வரிக்குள்ள வரும். சாப்பாட்டையும் அதையும் ஒண்ணாப் போட்டு மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. அடிச்சிருந்தா, அந்த பில் தப்பு.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பறவங்களே, அங்க கதை தலைகீழ். கார்டை ஃபோல்டர்ல வெச்சு அனுப்பறதுதான் அங்க பல இடத்துல இன்னும் வழக்கம். ஸ்லிப்புல டிப்ஸுக்கு ஒரு வரி காலியா இருக்கும். நீங்க எழுதற டிப்ஸைச் சேர்த்து அப்புறமாத்தான் கடைசித் தொகையைப் போடுவாங்க. அதனால முதல்ல வர்ற மெசேஜ் ஒண்ணு, ஸ்டேட்மென்ட்ல இருக்கறது ஒண்ணு. திருட்டுன்னு பதறாதீங்க. டிப்ஸ் வரியையும் டோட்டல் வரியையும் காலியா விடாம நீங்களே எழுதிட்டு, ஸ்லிப்பை ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கற நம்மாளுங்களும் உண்டு. கேட்டரிங் படிக்கறவங்க, சாயங்காலம் பார்ட் டைம் போறவங்க. அவங்களுக்கும் இது தலைவலிதான். அப்படி வேலை பார்க்கற என் ஜூனியர் ஒருத்தன் சொன்னான்: "மெஷின் ரெண்டு, டேபிள் முப்பது. ஒண்ணுக்கு சார்ஜ் நிக்காது. பின் என்னன்னு கேக்க எனக்கு மட்டும் ஆசையாண்ணே? ஆனா நாளைக்கு அந்தக் கார்டுல காசு போச்சுன்னா, முதல்ல என்னைத்தான் கேப்பாங்க."

நியாயம்தானே? பின் நம்பர் தெரிஞ்ச எல்லாருமே சந்தேகக் கேஸ்தான். நீங்க கத்திச் சொல்றப்போ அந்தப் பையனையும் சேர்த்து மாட்டி விடறீங்க. அவன் இப்ப ஒரு டெக்னிக் வெச்சிருக்கானாம். கஸ்டமர் பின்னைச் சொல்ல வாயைத் திறந்தாலே, "சார், சொல்லாதீங்க, நானே மெஷினோட வர்றேன்"னு ஓடுவானாம். தொகையைத் தட்டி, ஸ்க்ரீனைக் கஸ்டமர் பக்கம் திருப்பிக் காட்டிட்டு, தலையை வேற பக்கம் திருப்பிக்குவானாம். கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைசி நாலு நம்பரை ஸ்லிப்போட ஒத்துப் பார்த்துக் கொடுப்பானாம். மெஷின் இழுத்தா, அடுத்த மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி முதல் மெஷின்ல கடைசி பில் என்ன ஆச்சுன்னு பார்ப்பானாம். நாங்க போன கடையில இவன் இருந்திருக்கக் கூடாதா!

கடைசியா, யாருமே பேசாத கூச்சம் ஒண்ணு பாக்கி. எட்டு பேர் சாப்பிடுவோம், ஒருத்தன் கார்டு தேயும். "மச்சி, நைட் அனுப்பிடறேன்டா." எந்த நைட்டுன்னு சொல்ல மாட்டாங்க! கிரெடிட் கார்டுல தேய்ச்சது அவன் காசு இல்ல, கடன். ட்யூ தேதிக்குள்ள முழுசாக் கட்டினா வட்டி இல்ல. 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டினா, பாக்கிக்கு வட்டி ஓடும். பல கார்டுகள்ல மாசத்துக்கு 3.5 சதவீதம் கிட்ட, அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. வேற. அடுத்த மாசம் வாங்கற டீக்குக்கூட வட்டியில்லாத நாள் கிடைக்காது. நீங்க அனுப்ப மறந்த பங்குக்கு உங்க ஃப்ரெண்டோட அப்பா வட்டி கட்டறார்.

எங்க கேங்ல இப்ப ஒரு ரூல். டேபிளை விட்டு எழறதுக்கு முன்னாடி, எல்லாரும் போனை எடுத்து, தேய்ச்சவனுக்கு யுபிஐ-ல அனுப்பியாகணும். 'டிங்' சத்தம் எண்ணிட்டுத்தான் கிளம்புவோம்.

அந்த பர்த்டே ட்ரீட்டுல அவன்தான் ட்ரீட், அதனால பங்கு கேக்கல. ஆனா கார்டு விருதுநகர் போனதுக்கு நாங்களும் ஒரு காரணம்தானேன்னு, மீதி ஏழு பேரும் ஆளுக்கு 660 ரூபாய் போட்டு, 4,620-ஐ அவன் அப்பாவுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சு. ஸ்லிப்போட போட்டோ, அதுல எட்டு லைம் சோடா இருக்கற பில்லோட போட்டோ, ரெண்டையும் சேர்த்து அனுப்பினோம். அவர் பணத்தை அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டார். கூடவே ஒரு வரி: "அடுத்த தடவை பில்லைப் பார்த்துக் குடுங்கப்பா."

ஏழு பேர் போட்டோம்னு சொன்னேன்ல, ஆறு 'டிங்'தான் கேட்டுச்சு. ஏழாவது ஆள் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கறவர். தலைவா, பணம் திரும்பி வந்தப்போ உன் 660-ஐயும் வாங்கிக்கிட்டியே, அது நான் போட்டதுடா!